முடியப்பர் கோயிலில் ஒரு கல்யாணம்

ரோமின் செலியோ குன்றிலுள்ள சாந்தோ ஸ்தெஃபனோ ரோத்தோந்தோவுக்கு ராமநாதபுரத்துப் பெண் ஒருவர் போனது அதன் வட்ட வடிவத்தைப் பார்க்க. 5ஆம் நூற்றாண்டுக் கோயில். ஸ்தெஃபனோ வேறு யாருமல்ல, ராமநாதபுரத்தில் அவருடைய பாட்டி கும்பிட்ட முடியப்பர்தான். தெரிந்தவர் வீட்டுக்குப் போகிற உரிமையோடு நுழைந்தார்.

சுவரைப் பார்த்ததும் உரிமை போய்விட்டது.

கொதிக்கும் கொப்பரையில் ஒருவர். சிங்கத்தின் வாயில் ஒருவர். ஆகத்தம்மாளின் மார்பை அறுக்கிறார்கள். வட்டச் சுவரல்லவா, எந்தப் பக்கம் திரும்பினாலும் அடுத்த கொலை. பொமராஞ்சோ என்று அழைக்கப்பட்ட நிக்கோலோ சிர்சிஞானி, 1580களின் தொடக்கத்தில் உதவியாளர்களோடு வரைந்த 30க்கும் மேற்பட்ட ஓவியங்கள். 1840களில் வந்த சார்லஸ் டிக்கன்ஸுக்கே குமட்டியிருக்கிறது.

ராமநாதபுரத்துப் பேத்திக்குக் கோபம் வந்தது ரத்தத்தைக் கண்டு அல்ல, எழுத்துகளைக் கண்டு. வதைபடும் உடல்களுக்குப் பக்கத்தில் ஏ, பி, சி. கீழே லத்தீனிலும் இத்தாலியத்திலும் விளக்கம். உயிரியல் புத்தகத்தில் தவளைக்குப் பாகம் குறித்த மாதிரி! இதில் பக்தி எங்கே வந்தது?

அப்போதுதான் பாட்டி வீட்டுச் செபஸ்தியார் சுரூபம் நினைவுக்கு வந்தது. உடம்பெல்லாம் அம்பு. அம்பில் மாட்டி அறுந்துவிடாமல் மல்லிகைச் சரத்தைச் சாத்துவது பேத்தியின் வேலை. ஒருநாளும் பயந்ததில்லை, செபஸ்தியாரின் முகம் அப்படி. இங்கேயும் முகங்களை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு சுற்று வந்தார். அலறுகிறவர் யாருமில்லை.

சேசு சபையினர் நடத்திய ஜெர்மானிய, ஹங்கேரிய குருமடத்துக்காக வரைந்தவை இவை. அங்கே படித்த இளைஞர்கள் குருப்பட்டம் பெற்று, புராட்டஸ்டண்டு மதம் பரவிவிட்ட சொந்த நாடுகளுக்குத் திரும்ப வேண்டியவர்கள். போன இடத்தில் உயிரும் போகலாம். சுவர்தான் அவர்களுக்குப் பாடப்புத்தகம். எழுத்துகள் வந்தது அதனால்தான். அப்படி விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவருக்குப் பாட்டி வாயில் அடிக்கடி வரும் சொல், வேதசாட்சி. சேசு சபையின் முதல் வேதசாட்சியான அந்தோனியோ கிரிமினாலி என்ற இத்தாலியர் 1549இல் கொல்லப்பட்டது ராமநாதபுரம் கடற்கரையில், வேதாளையில். மண்டபம் போகும் பேருந்தில் அந்த ஊரை எத்தனை முறை தூங்கிக்கொண்டே தாண்டியிருப்பார்!

பூக்கூடைகள் உள்ளே வந்தன. கல்யாணமாம். இந்தச் சுவர்களுக்கு நடுவிலா? பெஞ்சுகளில் வெள்ளை ரோஜா கட்டினார்கள், யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வெள்ளைக் கவுன் போட்ட ஒரு சிறுமி மட்டும் சுவரருகே நின்று, விரலை நீட்டி, "ஆ, பி, சி..." என்று தேடினாள். அடுத்த எழுத்தைக் காணோம். திரும்பி அவரைப் பார்த்தாள்.

அவர் குனிந்து, படைவீரனின் காலுக்குப் பின்னால் ஒளிந்திருந்த 'தி'யைக் காட்டினார்.