ஊருக்கு முன் ஓர் இகரம்

எங்கள் ராயபுரத்தைப் பற்றிய என் பழைய கதைகள் இரண்டு கோப்புகளில் கிடந்தன. நான் தட்டியதில் 'ராயபுரம்'. அச்சகத்தார் தட்டியதில் 'இராயபுரம்'. திருவொற்றியூர் இன்னும் வேடிக்கை. கண்ணுக்கு இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் 'வொ'வின் கொம்பையும் காலையும் நான் ஒரே குறியாகவும், அவர்கள் இரு குறிகளாகவும் பதித்திருந்தோம். கணினிக்கு அவை வெவ்வேறு ஊர்கள்!

"அஞ்சு நிமிஷ வேலை, மாமா" என்றான் அக்கா மகன். வொகரத்தை ஒன்றாக்கினான். பிறகு 'இ?ராயபுரம்' என்று தேடச் சொன்னான். கேள்விக்குறிக்கு முந்தின எழுத்து இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்று அர்த்தமாம். இந்த வித்தைக்கு மூலம், 1956-இல் கிளேனி என்ற அமெரிக்கக் கணித அறிஞர் நரம்பு வலைகளைப் பற்றி வெளியிட்ட கட்டுரை. (அந்த 'இ?' என்பதையே மறந்து, முதலில் 'இஇராயபுரம்' என்று ஊரையே திக்க வைத்தது தனிக் கதை.)

தொகுப்பு முழுவதும் இகரம் ஏறிவிட்டது. தமிழ்ச் சொல் ரகரத்தில் தொடங்காது என்ற இலக்கணம் நானும் படித்ததுதான். ஆனால் என் மீன்காரக் கிழவியல்லவா, "இராயபுரம் போறேன், நைனா" என்கிறாள்! அவளைப் புலவராக்க எனக்கு மனம் வரவில்லை.

"மேற்கோளுக்குள் இருப்பதை மட்டும் விட்டுவிட முடியாதா?"

"முடியும் மாமா. ஆனா பாதி இடத்துல நீங்க மேற்கோளை மூடவே இல்லையே!"

கிழவியின் பேச்சைக் கையால் திருத்திக்கொண்டிருக்கிறேன். இன்று மூன்றாம் நாள்.