மஞ்சள் பைக்கு முன்னால்

காலாவதியான மருந்து மஞ்சள் பைக்கு, காலி ஆம்பியூல் நீலப் பெட்டிக்கு, டிரிப் செட் சிவப்புப் பைக்கு. 2016-ல் வந்த மருத்துவக் கழிவு விதிகள் இதை எங்கள் கைப்பழக்கமாக்கிவிட்டன. ஆய்வுக்கு வருகிறவர்கள் பைகளின் நிறத்தையும் பதிவேட்டையும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான். ஆனால் மஞ்சள் பையில் விழுகிற மாத்திரைக்கான தண்ணீரும் மின்சாரமும் கரைப்பானும் ஆலையிலேயே செலவாகிவிட்டன. அதை எரிக்க இன்னும் கொஞ்சம் எரிபொருள். மருந்தகத்தில் சுற்றுச்சூழலைக் காக்கும் வேலை மருந்து கேட்டு இன்டென்ட் எழுதும் மேசையிலும், அட்டையை வெட்டும் கத்தரிக்கோலிலும் நடக்கிறது என்று நம்புகிறவன் நான்.

பத்து மாத்திரை அட்டையிலிருந்து மூன்றை எடுக்கும்போது, தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் அச்சான முனை நம்மிடமே தங்கும்படி வெட்ட வேண்டும். தேதி போய்விட்ட துண்டை நம்பி யாருக்கும் கொடுக்க முடியாது. நல்ல மாத்திரை வீணாகும். நோயாளியின் கவரில் மருந்தின் பெயரையும் தேதியையும் எழுதிவிடுகிறோம். வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லித் தருவது இதைத்தான்.

வார்டு அலமாரிகள் அடுத்த இடம். நடுராத்திரியில் மருந்து இல்லாமல் போய்விடுமோ என்று எல்லா வார்டும் கொஞ்சம் சேர்த்து வைக்கும். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் இரண்டு மாதத்தில் காலாவதியாகப் போகிற ஊசி ஒரு வார்டில் கிடக்க, அதையே ஐசியூ தினமும் கேட்டுக்கொண்டிருக்கும். “சிஸ்டர், இதை ஐசியூவுக்கு எடுத்துக்கிறேன். நீங்க எப்பக் கேட்டாலும் தந்துடுவோம்” என்று சொன்னால் மட்டும் போதாது, கேட்ட ராத்திரி தர வேண்டும். அப்போதுதான் அடுத்த முறையும் அந்த அலமாரி திறக்கும்.

பாராசிட்டமாலை நரம்பு வழியே ஏற்ற 100 மில்லி பாட்டில், டிரிப் செட், உறைகள் எல்லாம் வேண்டும். அதே ஒரு கிராம், இரண்டு மாத்திரைகளில் அடங்கிவிடும். “டாக்டர், இவங்க காலையிலேருந்து இட்லி சாப்பிடுறாங்க, மாத்திரைக்கு மாத்திடலாமா?” என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்றே பதில் வரும். கேட்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

இவை எல்லாவற்றையும் விட என்னை யோசிக்க வைப்பது டைக்ளோஃபினாக். இந்த வலிநிவாரணி செலுத்தப்பட்ட மாடுகளின் சடலத்தைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து செத்துக்கொண்டிருந்தன. காரணம் 2004-ல் தெரியவந்தது. 2006-ல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்குக்கு இந்தியா தடை விதித்தது. அதன்பிறகும் மனிதர்களுக்கான 30 மில்லி குப்பி மாட்டுக்குப் போனது. கனத்த உடலுக்கு அந்த அளவு தோதாக இருந்ததே காரணம். 2015-ல் மனிதர்களுக்கான ஊசி ஒரே வேளைக்கான 3 மில்லிக்குள் அடக்கப்பட்டது. 2017-ல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கண்ணாடிக் கணக்கு மட்டும் பார்த்தால் இது பின்னடைவு: ஒரு பெரிய குப்பி போய்ப் பல சிறிய ஆம்பியூல்கள் வருகின்றன, நீலப் பெட்டி சீக்கிரம் நிரம்புகிறது. நிரம்பட்டும். நீலகிரியின் மோயாறு பள்ளத்தாக்கில் இன்னும் பறக்கிற பாறுகளுக்கு அந்தச் சின்ன ஆம்பியூல் அவசியம். குப்பையின் எடையை மட்டும் வைத்துப் பசுமையை அளப்பவர்களிடம் நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

இன்ஹேலரிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. அழுத்த இன்ஹேலரை உந்தும் வாயு, கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும். மூச்சில் இழுக்கும் ரோட்டாகேப் பொடிக்கு அந்த வாயு தேவையில்லை. நம்மூரில் விலையும் குறைவு. ஆனாலும் பலமாக மூச்சிழுக்க முடியாத குழந்தைக்கும் முதியவருக்கும் ஸ்பேஸருடன் அழுத்த இன்ஹேலரே சரி. அங்கே வாயுக் கணக்கைப் பேசவே கூடாது.

டிஸ்சார்ஜ் கவுன்டரில் சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளிடம் பில் போடுமுன் ஒரு கேள்வி கேட்கச் சொல்லியிருக்கிறேன்: “அம்மா, இதே மாத்திரை வீட்ல மிச்சம் இருக்கா?” இருக்கிறது என்றால் அட்டையை எடுத்துவரச் சொல்லி, மருந்தும் மில்லிகிராமும் தேதியும் பொருந்துகிறதா என்று பார்த்து, அந்த எண்ணிக்கையைக் கழித்துக்கொண்டே பில் போடுகிறோம். விற்பனை குறைகிறதே என்று நிர்வாகம் கேட்டால், பதில் சொல்ல நான் இருக்கிறேன்.