காலிக் கோட்டையிற் கால்நடையாக

காலிக் கோட்டையைக் காரிற் சுற்றுவோர் மதிலைக் காண்பர், வீதியைக் காணார். ஆகவே நாம் மாணவர் சிலருடன், வழிகாட்டியொருவரைத் துணைகொண்டு நடந்தே சென்றோம். பழைய வாயிலின் உட்புறத்தே 1669 என்னும் ஆண்டுடன் ஒல்லாந்தக் கும்பனியின் இலச்சினை. வெளிப்புறத்தே ஆங்கிலேயரின் சின்னம். 1755இற் கட்டிமுடிந்த தேவாலயத்தின் தரையிலோ கல்லறைக் கற்கள். வெயில் பொறுக்கவில்லை!

“ஐயா, இங்கே தமிழெழுத்து ஒன்றும் இல்லையா?” என்றாள் ஒரு சிறுமி. வழிகாட்டி விழித்தார். நாமே சொன்னோம்: சீனக் கடலோடி செங் ஹே கொணர்ந்த, 1409ஆம் ஆண்டுக் கல்லொன்று 1911இல் இந்நகரில், மதகொன்றின் மூடியாகக் கிடந்து வெளிப்பட்டது. சீனம், பாரசீகத்துடன் அதிலே தமிழும் உண்டு; தேவேந்திரமுனை நாயனாருக்கு அளித்த காணிக்கைகளை அத்தமிழ் கூறுகின்றது. கல் இப்பொழுது கொழும்பு நூதனசாலையில்.

“அப்படியானால் அடுத்த ஞாயிறு கொழும்புக்கு!” என்றாள் அவள். பஸ் கட்டணத்தை மனத்திற் கணக்கிட்டபடியே மதிலேறினோம்.