சூடேறிய கணினி

கொண்டுபோய்க் காட்டிய அன்றே கடைக்காரர் தீர்ப்பளித்துவிட்டார்: "செயலி போய்விட்டது, புதிதாக வாங்கிவிடுங்கள்." நம் தமக்கை மகளுக்கோ அக்கணினிதான் பிழைப்பு. கணவரை இழந்தபின், வீட்டிலிருந்தபடியே நூல்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுத்து இரு பிள்ளைகளைப் படிக்க வைப்பவள். 2024ஆம் ஆண்டுக் கோடை தொடங்கியது முதல், இயக்கிய கால் மணி நேரத்திற்குள் விசிறி இரைந்து, திரை இருண்டு, இயந்திரம் தானே அணைந்துவிடும். "மாமா, புதிது வாங்க நான் எங்கே போவேன்?" என்றாள். காரணத்தைக் காணாமல் காசை இறைப்பதில்லை என்று நாம் முடிவு செய்தோம்.

தானே அணைவது நோயன்று, தற்காப்பு. கணினியின் மூளையாகிய செயலி அளவு மீறிச் சூடேறினால் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் இயந்திரம் நின்றுவிடும். செத்துப்போன செயலி கால் மணி நேரம் ஒழுங்காக வேலை செய்யுமோ?

மறைவில் ஓடும் மென்பொருள் எதுவும் இருக்குமோ என்று முதலில் ஐயுற்றோம். விண்டோஸுக்குள் செல்லவிடாமல் பயாஸ் திரையிலேயே நிறுத்தி வைத்தோம். அங்கும் வெப்பநிலை 60, 75, 90 பாகை என ஏறிற்று. அவ்வையம் அத்துடன் நீங்கியது.

அடுத்தது தூசி. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தால், செயலியின் மேல் அமர்ந்து வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியத் தகடுகளின் இடையே பஞ்சுபோல் அடைந்திருந்தது. தூரிகையால் துடைத்தோம். (அப்போது விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்வது நலம்.) 90 என்பது 86 ஆயிற்று, அவ்வளவே. விசிறியிலும் குறையில்லை.

வழி காட்டியது விரல்தான். மீண்டும் இயக்கி, வெப்பம் உச்சத்தை எட்டியதும் அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கித் தகடுகளைத் தொட்டுப் பார்த்தோம். சுடவில்லை, இளஞ்சூடுதான்! அடுப்பு எரிந்தும் சட்டி காயவில்லையென்றால், சட்டி அடுப்பில் சரியாக அமரவில்லை என்பதுதானே பொருள்? தகட்டுத் தொகுதியைப் பலகையோடு பிணைக்கும் நான்கு பிளாஸ்டிக் முளைகளில் ஒன்று கழன்று, ஒருபுறம் நூலளவு தூக்கி நின்றது. இடையே காற்று புகுந்துவிட்டது. காற்றோ வெப்பத்தை எளிதில் கடத்தாதது. இடைவெளியை நிரப்பும் பசையும் காய்ந்து பொருக்காகியிருந்தது.

பழம்பசையை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, புதுப்பசையைப் பட்டாணியளவு இட்டு, முளைகளை மூலைக்கு எதிர்மூலையாக அழுத்தினோம். வெப்பம் 48இல் நின்றது. வேலை செய்கையிலும் 60ஐத் தாண்டவில்லை. பெட்டியைச் சுவரோரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். பாதியில் நின்ற நூலை அன்றிரவே முடித்து அச்சகத்துக்கு அனுப்பினாள் அவள்.