ஒரு பாக்கெட் மீன்

எனக்கு மீன் பொரிக்கத் தெரியும் என்று 63 வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

மனைவி ஊருக்குப் போயிருக்கும் நாட்களில் சங்கராவோ வஞ்சிரமோ வாங்கி வந்து, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு போட்டுப் பிசறி, தோசைக்கல்லில் நான் பொரிக்க ஆரம்பித்தால் தெருப் பூனைகள் மொத்தமும் வாசலில் ஆஜராகிவிடும். அந்தத் தன்னம்பிக்கையை அமெரிக்காவின் மிசிசிபி மாநிலத்தில் ஒரு கறுப்பினப் பாட்டி பத்தே நிமிஷத்தில் உடைத்துப் போட்டார்.

2017-ல் மகளின் பிரசவத்துக்காக ஜாக்சன் நகரத்துக்குப் போயிருந்தோம். மனைவிக்குப் பத்தியச் சமையல், குழந்தையைக் குளிப்பாட்டுவது என்று நிற்க நேரமில்லை. எனக்கு உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு வலி. பகல் முழுக்க வராந்தாவில் உட்கார்ந்து, போகிற வருகிற கார்களை எண்ணிக்கொண்டிருப்பேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் பக்கத்து வீட்டுப் பின்கட்டிலிருந்து ஒரு வாசனை வேலி தாண்டி வரும். நம் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் சுத்த சைவம். விளக்கேற்றி, சாம்பிராணி போடுகிற நாள். அந்த ஊரிலோ வெள்ளிக்கிழமைதான் மீன் நாள். சர்ச்சுகளில்கூட மீன் பொரித்து விற்று, வருகிற பணத்தைக் கூரை மாற்ற, பியானோ வாங்க என்று சேர்த்துக்கொள்வார்களாம்.

பேரன் பிறந்த பத்தாம் நாள், அந்த வீட்டுப் பாட்டி ஒரு தட்டை அலுமினியத் தாளால் மூடி எடுத்துக்கொண்டு வந்து நின்றார். வயது 71. என்னைவிட எட்டு வயது மூத்தவர். தட்டை நீட்டி, "இந்தா, பேபி" என்றார். பக்கத்தில் யாராவது குழந்தை இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான்.

தட்டில் மீன், வெள்ளை பிரெட் இரண்டு துண்டு, ஊறுகாய் வெள்ளரி, ஓரமாக சிவப்பு சாஸ் போட்ட ஸ்பகெட்டி. மீனுக்கு நூடுல்ஸ் தொட்டுக்கொள்ளும் ஊரை அன்றைக்குத்தான் பார்த்தேன். மீனைக் கடித்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். உள்ளே இட்லி மாதிரி வெள்ளை வெளேரென்று ஆவி பறக்கிறது. கையில் எண்ணெய் ஒட்டவில்லை. மனைவிக்கு ஒரு துண்டு மிச்சம் வைத்தேன் என்று எழுத ஆசைதான். வைக்கவில்லை.

அடுத்த நாளே நானும் இறங்கிவிட்டேன். மேல் பூச்சு சோள மாவு என்று மகள் சொல்லியிருந்தாள். சமையலறை அலமாரியில் கார்ன்ஃப்ளார் டப்பா இருந்தது. மீனை அதில் புரட்டி எண்ணெயில் போட்டேன். வெளிவந்தது ஒரு வெள்ளை ரப்பர் செருப்பு. மகள் ஒரு வாய் வைத்துவிட்டு, "அப்பா, பேசாம போய் அவங்ககிட்டயே கேட்டுட்டு வந்துடுங்க" என்றாள்.

போனேன். பாட்டி சிரித்த சிரிப்பில் வராந்தா ஊஞ்சல் ஆடியது. கார்ன்ஃப்ளார் என்பது சோளத்திலிருந்து எடுத்த வெறும் மாவுச்சத்து. கஞ்சி போடத்தான் லாயக்கு. மீனுக்கு வேண்டியது கார்ன்மீல். காய்ந்த மக்காச்சோளத்தை ரவைபோல உடைத்த மாவு. தொட்டால் நறநறவென்று இருக்க வேண்டும். அதில் கோதுமைபோல் இழுவை கிடையாது. அதனால்தான் மென்மையான பூச்சாக ஆகாமல், ஒவ்வொரு குருணையும் தனித்தனியாகப் பொரிந்து நொறுங்குகிறது.

"இது எங்க பாட்டியோட பாட்டி காலத்து மாவு" என்றார். சும்மா சொல்லவில்லை. அடிமைகளுக்குப் பண்ணைகளில் அளந்து போட்ட ரேஷன் இந்த மாவுதான். அடிமையாகப் பிறந்து, தப்பித்து, பெரிய தலைவரான ஃபிரெடரிக் டக்ளஸ் 1845-ல் எழுதிய தன் வரலாற்றில், மேரிலாண்ட் பண்ணையில் ஓர் ஆளுக்கு மாதக் கணக்கில் கொடுத்ததைப் பட்டியல் போட்டிருக்கிறார். எட்டு பவுண்டு பன்றி இறைச்சி அல்லது அதற்கு ஈடான மீன். ஒரு புஷல் சோள மாவு. இன்று ஓட்டல்களில் தட்டு போட்டு விற்கிற பண்டத்துக்குப் பின்னால் அப்படி ஓர் அளவுப்படி இருக்கிறது.

"வர்ற வெள்ளிக்கிழமை நீ மீன் வாங்கிட்டு வா. நான் சொல்லித் தர்றேன்" என்றார் பாட்டி.

அங்கேதான் நான் கோட்டை விட்டேன்.

அந்த ஊரில் மீன் என்றால் கேட்ஃபிஷ். நம் கெளுத்திக்கு ஒன்றுவிட்ட உறவு. மீசை உண்டு, செதில் கிடையாது. மருமகனுடன் கடைக்குப் போனபோது, முள் நீக்கிய கேட்ஃபிஷ் ஒரு பக்கம் இருந்தது. பக்கத்திலேயே பார்க்க அதே மாதிரி வெள்ளைத் துண்டங்கள், 'ஸ்வாய்' என்ற பெயரில், கிட்டத்தட்டப் பாதி விலையில். டாலரை ரூபாயால் பெருக்கிப் பார்க்கிற வியாதி நமக்கு விமானத்திலேயே ஆரம்பித்துவிடுகிறதே! "மாமா, இது வேற மீனு" என்று மருமகன் இழுத்தார். "எல்லாம் பொரிச்சா ஒண்ணுதான் மாப்ளே" என்று இரண்டு பாக்கெட் எடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பாட்டியிடம் பாக்கெட்டைக் கொடுத்தேன். வாங்கி, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திருப்பிப் பின்பக்கம் படித்தார். 'வியட்நாம்' என்று இருந்தது. பாக்கெட்டை மேஜையில் வைத்தார். ரொம்ப நேரம் பேசவில்லை.

பிறகு முழங்கை வரை ஸ்வெட்டரை மடித்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினார். இரண்டு மணிக்கட்டிலும் ஆபரேஷன் தழும்பு. வலது கை விரல்கள் முழுசாக மடங்கவில்லை. "இருபத்து மூணு வருஷம் மீன் அறுத்த கை" என்றார்.

ஜாக்சனுக்கு வடக்கே, காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம், டெல்டா என்ற சமவெளி இருக்கிறது. பருத்தி விளைந்த பூமி. 1960-களிலிருந்து அங்கே வயல்களைக் குளமாக வெட்டி கேட்ஃபிஷ் வளர்க்க ஆரம்பித்தார்கள். பெல்சோனி என்ற சின்ன ஊர் தன்னை 'உலகக் கேட்ஃபிஷ் தலைநகரம்' என்றே அழைத்துக்கொள்கிறது. பருத்தி எடுத்த குடும்பத்துப் பெண்கள் மீன் அறுக்கும் ஆலைகளுக்குப் போனார்கள். குளிர்ந்த ஈரத் தரை. நாள் முழுக்க நின்றுகொண்டே ஒரே வெட்டு, ஒரே இழுப்பு. ஆயிரக்கணக்கான தடவை. பாட்டியும் அவர்களில் ஒருவர்.

1990-ல் இண்டியானோலா ஊரில் ஓர் ஆலைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள், வேலை நிறுத்தம் செய்தார்கள். கூலி மட்டும் பிரச்னையில்லை. கழிப்பறைக்குப் போவதற்குக்கூடக் கணக்கு வைத்திருந்தார்கள். செப்டம்பரில் தொடங்கியது, டிசம்பரில்தான் முடிந்தது. "எங்களுக்கு வேற ஆலைதான். ஆனா லீவு நாள்ல நாங்களும் அவங்க வாசல்ல போய் நின்னோம். ஒண்ணுக்குப் போறதுக்கு ஒருத்தன்கிட்ட கை தூக்கி நிக்கிறது எப்படின்னு உனக்குத் தெரியுமா, பேபி?"

எனக்குத் தெரியாது.

அப்புறம் மேகாங் நதி டெல்டாவிலிருந்து வியட்நாம் மீன் வந்து இறங்கியது. அதுவும் மீசைக்காரக் குடும்பம்தான். விலை குறைவு. 2002-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது: அமெரிக்க இன மீனைத் தவிர வேறு எதையும் 'கேட்ஃபிஷ்' என்ற பெயரில் விற்கக் கூடாது. 2003-ல் கூடுதல் வரி. பெயரைப் பிடுங்கியும் அந்த மீன் நிற்கவில்லை, வேறு பெயரில் வந்தது. 2008 வாக்கில் மீன் தீவனத்துக்கு வேண்டிய சோளமும் சோயாவும் எகிறின. குளங்கள் ஒவ்வொன்றாகத் தூர்ந்தன. மிசிசிபியில் இன்றைக்கு இருக்கும் குளப் பரப்பு, உச்சத்தில் இருந்ததில் பாதிகூட இல்லை. பாட்டி வேலை பார்த்த ஆலையும் ஒரு நாள் கதவைப் பூட்டியது. மகன் இருக்கிற ஊர் என்று ஜாக்சனுக்கு வந்துவிட்டார்.

எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "மன்னிச்சிடுங்கம்மா, தெரியாம வாங்கிட்டேன். திருப்பிக் கொடுத்துட்டு வேற வாங்கிட்டு வந்துடறேன்" என்று பாக்கெட்டை எடுத்தேன்.

பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். "வை. மீன் என்ன பண்ணுச்சு? அங்கேயும் எவளோ ஒருத்தி நின்னுக்கிட்டேதானே அறுத்திருப்பா" என்றார்.

அப்புறம்தான் பாடம் ஆரம்பித்தது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, செய்தது நான். முதலில் துண்டங்களைத் துணியால் ஒற்றி ஈரம் எடுக்க வேண்டும். பிறகு புளித்த மோரில் கொஞ்சம் உப்பு, காரமான மிளகாய் சாஸ் கலந்து, ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் ஊற வேண்டும்.

மோர் எதற்கு? குளத்து மீனில் சில சமயம் ஒரு மண் வாடை இருக்கும். அதற்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள். குளத்துப் பாசியும் நுண்ணுயிர்களும் உண்டாக்குவது. முதல் மழைக்கு மண்ணிலிருந்து கிளம்புகிறதே ஒரு வாசனை, அதிலும் இதே பொருள்தான். மண்ணில் இருந்தால் கவிதை, மீனில் இருந்தால் குமட்டல். புளிப்பு பட்டால் அது சிதைந்துவிடும். நம் பாட்டிமார்கள் விராலையும் கெளுத்தியையும் கல்லுப்பு போட்டுத் தேய்த்துப் புளித்தண்ணீரில் அலசியது சும்மா இல்லை. டெல்டா ஆலைகளில் இதற்கென்றே ருசி பார்க்கும் ஆட்கள் உண்டாம். குளத்தில் வலை போடும் முன்பே மாதிரி மீனை உப்பில்லாமல் வேகவைத்து முகர்ந்து, தின்று பார்ப்பார்கள். மண் வாடை இருந்தால் அந்தக் குளத்து மீனே வேண்டாம், காத்திரு என்று அனுப்பிவிடுவார்களாம்.

ஊறிய மீனை எடுத்து மோரை வடியவிட வேண்டும். ஒரு கிலோ மீனுக்கு இரண்டு கப் சோள ரவை மாவு. அதில் உப்பு, மிளகுத்தூள், மிளகாய்த்தூள், பூண்டுப் பொடி. மீனை வைத்து அழுத்திப் புரட்டி, கம்பித் தட்டில் கால் மணி நேரம் அப்படியே விட வேண்டும். "அவசரப்பட்டா சட்டை கழண்டுடும்" என்றார். மாவு ஈரத்தை இழுத்து மீனோடு ஒட்டிக்கொள்ளும் நேரம் அது.

கனமான இரும்புச் சட்டியில் கடலை எண்ணெய், இரண்டு அங்குல உயரம். சூடு 180 டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்க வேண்டும். கருவி இல்லாவிட்டால், ஒரு சிட்டிகை மாவைப் போட்டால் அது உடனே சலசலவென்று மேலே வந்து ஆட வேண்டும். அடியில் போய் உட்கார்ந்தால் சூடு போதாது. உடனே கருகினால் அதிகம். ஒரு ஈட்டுக்கு மூன்று நான்கு துண்டங்கள்தான். நான் ஆறு போடப் போனேன். கையில் ஒரு தட்டு விழுந்தது. நெரிசலாகப் போட்டால் எண்ணெய் ஆறிவிடும், மீன் பொரியாமல் எண்ணெய் குடிக்கும்.

"இப்ப பார்க்காதே. கண்ணை மூடிக் கேளு" என்றார்.

கேட்டேன். முதலில் ஆடி மாத மழை மாதிரி சடசடவென்ற சத்தம். மீனிலிருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே ஓடும் ஓசை அது. ஆவி வெளியே தள்ளும் வரை எண்ணெய் உள்ளே நுழைய முடியாது. பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிஷம். திருப்பிப் போட்ட பிறகு, மழை விடுகிற மாதிரி சத்தம் தணிகிறது. "இப்போ எடு!"

எடுத்ததைக் காகிதத்தில் போடக் கூடாது, கம்பித் தட்டில் வைக்க வேண்டும். காகிதத்தில் வைத்தால் அடியில் ஆவி தேங்கி நமத்துவிடும். மூடி போடுவது மகா பாவம்.

முதல் துண்டை பாட்டிதான் சாப்பிட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெதுவாக மென்று முடித்து, விரலைத் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அது ஒண்ணுதான் கஷ்டமா இருக்கு" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமைகளில் டெல்டாவில் வளர்ந்த மீனையே வாங்கிக்கொண்டு போனேன். பாட்டி ஒரு தடவைகூட பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை.

சென்னைக்குத் திரும்பிய பிறகு, மாவு மில்லில் மக்காச்சோளத்தைக் கொடுத்து ரவை பதத்துக்கு உடைத்து வைத்திருக்கிறேன். மில்காரர் மாட்டுத் தீவனத்துக்கா என்று கேட்டார். மீன் நாளை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டாகிவிட்டது, வெள்ளிக்கிழமை பொரித்தால் மனைவி வீட்டை விட்டே அனுப்பிவிடுவாள். கெளுத்தி கிடைக்காத நாட்களில் கடையில் முள் நீக்கிய பாசா கிடைக்கிறது. வியட்நாமில் வளர்க்கிற அதே குடும்பத்து மீன், நம் ஆந்திராக் குளங்களிலும் வளர்கிறது.

போன வாரம் கடையில் அந்தப் பாக்கெட்டைக் கையில் எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பின்பக்கம் எங்கிருந்து வருகிறது என்று படித்துக்கொண்டிருந்தேன்.

"வெறும் மீன் பாக்கெட்டு. அதுல அப்படி என்ன கதையா எழுதியிருக்கு?" என்றாள் மனைவி.

எழுதியிருக்கவில்லைதான்.