கம்பம்மெட்டு ஏறும் வண்டிக்கு ஓர் அலமாரி

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்குப் போகும் பாதை வளைவுக்கு மேல் வளைவு. ஏறிவிட்டால் ஏலத்தோட்டத்து ஈரக்காற்று. லாரியைத் தங்கும் வண்டியாக்குபவர்கள் இந்த இரண்டையும் மனதில் வைத்தே பலகை வாங்க வேண்டும்.

2021இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. மறு ஆண்டே, கம்பம்மெட்டு இருக்கும் இதே இடுக்கி மாவட்டத்தின் வாகமண்ணில் கேரவன் பூங்கா வந்தது. ஆர்வம் பெருகுகிறது, நல்லது.

ஆனால் அலமாரிக்குப் பார்ட்டிகிள் போர்டு வேண்டவே வேண்டாம். ஈரத்தில் ஊதும், ஸ்க்ரூ பிடி விடும். ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் தாங்கும். எட்டுக்கு நாலு அடியில் 18 மி.மீ. பலகை சுமார் 35 கிலோ, 12 மி.மீ. எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு எடை மிச்சம். அறுத்த ஓரங்களுக்கு வார்னிஷ் அவசியம்.

மேக்னட் கேட்ச் வளைவில் திறந்துகொள்ளும். அமுக்கிப் பூட்டும் லாட்ச்சும் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கீலும் போடுங்கள். மேல்தட்டில் துணிமணி போதும். பாத்திரமும் அரிசியும் கீழே.