நடுப்பார்வை போனாலும் உலகம் போவதில்லை

வயதானவர்களுக்குப் பார்வை மங்கினால், "புரை விழுந்திருக்கும், எடுத்துவிட்டால் சரியாகிவிடும்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். புரையல்லாத வேறொரு கோளாறும் உண்டு. என் தாயாரால்தான் நான் அதை அறிந்தேன்.

அம்மாவுக்கு 74 வயது. பால்மரம் சீவி எங்களை வளர்த்தவர். சில ஆண்டுகளுக்கு முன், கோயிலில் எதிரே வந்து சிரித்தவர்களைப் பாராதவர்போல் போகத் தொடங்கினார். "வாத்தியாரைப் பெற்ற கர்வம்" என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். முகம் தெரியவில்லை என்று அவர் சொன்னதை உறவினர்களும் நம்பவில்லை. காலடியில் ஓடும் கோழிக்குஞ்சை மிதிக்காமல் நடக்கிறாரே!

கண் மருத்துவர் விளக்கினார். விழித்திரையின் நடுவே 'மாக்குலா' என்றொரு சிறு பகுதி உண்டு. முகம் அறிவதும், எழுத்துப் படிப்பதும், ஊசியில் நூல் கோப்பதும் அதனால்தான். அது சிதைந்தால் நடுப்பார்வை மங்கும், ஓரப்பார்வை நிற்கும். ஆகவேதான் கோழிக்குஞ்சு தெரிந்தது, முகம் தெரியவில்லை.

இதில் இரு வகை. அம்மாவுக்கு வந்தது உலர் வகை, மெல்ல வளர்வது. ஈர வகையில் புது இரத்தக் குழாய்கள் முளைத்துக் கசியும். விரைவில் பார்வையைப் பறிக்கும். அதற்குக் கண்ணுக்குள் போடும் ஊசி உண்டு. தாமதமின்றிப் போனால் மிஞ்சிய பார்வையைக் காக்கலாம். மூக்குக்கண்ணாடியை மாற்றுவதால் இந்நோய் தீராது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கணக்குப் புத்தகத்துக் கட்டத்தாளின் நடுவே ஒரு புள்ளி வையுங்கள். படிக்கும் கண்ணாடியை அணிந்து, ஒரு கண்ணை மூடிப் புள்ளியையே பாருங்கள். பிறகு மறு கண்ணால் பாருங்கள். கோடுகள் வளைந்தாலோ மறைந்தாலோ உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், நானும் தவறாமல் பார்க்கிறேன். புகைபிடிப்போர்க்கு ஆபத்து இன்னும் அதிகம்.

அம்மா இப்போது கோப்பியை வெள்ளைக் கோப்பையிலும், சோற்றை நீலத் தட்டிலும் வாங்கிக்கொள்கிறார். பத்து வெள்ளி நோட்டை இரண்டாகவும், ஐம்பது வெள்ளியை நான்காகவும் மடித்து வைக்கிறார். பேசும்போது முகத்தைச் சற்றே திருப்புகிறார். அது அலட்சியமன்று, ஓரப்பார்வையால் நம்மைத் தேடுகிறார்.

வாசக அன்பர்களே, உங்கள் தோட்டத்திலும் இப்படி ஒரு பாட்டி இருக்கலாம். "என்னைத் தெரிகிறதா?" என்று சோதிக்காதீர்கள். அருகில் சென்று உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அவருக்கு அதுவே பெரிய உதவி.